லாபம், ரெண்டு, மூணு

எங்கள் பள்ளியின் பழைய கட்டடத்தில் எட்டாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளுக்கும் நடுவே இருப்பது பாதிச் சுவர். எந்தக் காலத்திலோ ஒரே கூடமாக இருந்த இடம். தோள் உயரத்துக்குச் செங்கல், அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. இந்தப் பக்கம் நான் வல்லினம் மிகும் இடங்களை நடத்திக்கொண்டிருந்தால், அந்தப் பக்கம் அறிவியல் டீச்சர் ஒளிச்சேர்க்கை நடத்துவது என் பிள்ளைகளுக்கும் கேட்கும். சில சமயம் அங்கே விழும் கேள்விக்கு இங்கிருந்து ஒருவன் பதில் சொல்லிவிடுவான். நான் தடுப்பதில்லை. கட்டுரை நோட்டு திருத்தும் பாடவேளையில் நானே சிவப்புப் பேனாவை மூடிவைத்துவிட்டுக் காதைக் கொடுத்திருப்பேன்.

டீச்சருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. மாநகரப் பேருந்தில் வருவார். கைப்பையில் சாப்பாட்டு டப்பாவோடு தையற்காரர் கழுத்தில் போட்டிருக்கும் டேப் ஒன்று சுருட்டி வைத்திருப்பார். அவருக்குத் தைக்கத் தெரியாது. டேப் ஆமை அளக்க.

ஜனவரி பிறந்தால் அவருடைய திங்கட்கிழமைகள் மாறிவிடும். கண் சிவந்திருக்கும், குரல் கட்டியிருக்கும். வருகைப் பதிவை முடித்த கையோடு பாடப்புத்தகத்தை மேசை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, ஓரம் நனைந்து காய்ந்து முறுக்கிக்கொண்ட ஒரு நாற்பது பக்க நோட்டை எடுப்பார். அவர் அதைத் திறக்கும்போது அந்தப் பக்கம் பெஞ்சு நகரும் சத்தம்கூட இருக்காது. எட்டாம் வகுப்பில் அப்படி ஓர் அமைதி தலைமையாசிரியர் ரவுண்டு வரும்போதுதான் கிடைக்கும்.

சென்னைக்காரர்கள் பலருக்குக் கடலாமை நடை தெரிந்திருக்கும். ஜனவரி முதல் மார்ச் கடைசிவரை, இரவு பதினோரு மணிக்கு மேல் நீலாங்கரையில் தொடங்கி, ஏறக்குறைய 7 கிலோமீட்டர் மணலில் நடந்து, விடிகாலையில் பெசன்ட் நகர் வந்து சேர்வார்கள். முட்டையிடக் கரையேறும் பங்குனி ஆமைகளின் தடத்தைத் தேடி, முட்டைகளை எடுத்து, பெசன்ட் நகர் கடற்கரையிலேயே வேலி கட்டி வைத்திருக்கும் பொரிப்பகத்தில் புதைப்பார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் சென்னைப் பாம்புப் பண்ணையின் ரோமுலஸ் விட்டேக்கரும் அவருடைய நண்பர்களும் இந்தக் கரையில் நடக்கத் தொடங்கினார்கள். 1988இல் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து ‘ஸ்டூடண்ட்ஸ் ஸீ டர்ட்டில் கன்சர்வேஷன் நெட்வொர்க்’ என்ற நீளப் பெயரில் ஓர் அமைப்பை உண்டாக்கினார்கள். அலுவலகமோ சம்பளமோ இல்லாத அமைப்பு. வனத்துறையின் அனுமதியோடு இன்றும் நடக்கிறது. இதை நெடுங்காலமாக முன்னின்று நடத்திவரும் அருண், திருவண்ணாமலைப் பக்கம் மருதம் பள்ளியை உருவாக்கியவர்களில் ஒருவர். அதாவது அவரும் ஒரு வாத்தியார். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்தபோது ஆச்சரியமாக இல்லை. இந்த வேலையில் தடம் பார்ப்பதைவிடக் குறிப்பெடுப்பது அதிகம், அதையும்விடப் பதில் சொல்வது அதிகம். நடக்க வருகிறவர்கள் அத்தனை கேள்வி கேட்கிறார்கள்.

எங்கள் டீச்சர் எந்த ஆண்டு முதல் போகிறார் என்று நான் கேட்டதில்லை. அவர் சொன்னதும் இல்லை. “ஐயா, சனிக்கிழமை ராத்திரி சும்மாதான இருப்பீங்க?” என்று ஒருநாள் கேட்டார். அது 2025 பிப்ரவரி.

அந்த ஜனவரியை மறந்திருக்க மாட்டீர்கள். சென்னையிலும் அதை ஒட்டிய கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. நாளிதழ்களில் தினமும் படம் வந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமை என்பதால் நடைக்கு நல்ல கூட்டம். ஐ.டி. கம்பெனிப் பையன்கள், இரண்டு பிள்ளைகளோடு வந்த ஒரு தம்பதி, கைத்தடியோடு ஒரு பெரியவர். ஒரு கல்லூரி மாணவி முன்னால் நின்று விதிகளைச் சொன்னாள். டார்ச் அடிக்கக் கூடாது, போன் திரையைக்கூட மேலே காட்டக் கூடாது, முன்னால் போகிறவரை முந்தக் கூடாது, ஆமை இருந்தால் கூப்பிடும்வரை கிட்டே வரக் கூடாது. டீச்சர் கூட்டத்தில் இல்லை. தன்னார்வலர்களோடு முன்னால் இருந்தார். சுடிதார் கால்களை முழங்கால்வரை மடித்துவிட்டு, தோளில் ஒரு துணிப்பை. பள்ளியில் பார்க்கிற ஆள் இல்லை. நான் வரிசையின் கடைசியில் நடந்தேன்.

நிலா இல்லாத இரவில் கடற்கரை மணல் நடப்பதற்கு எவ்வளவு கடினம் என்பது அரை மணி நேரத்தில் கெண்டைக்காலுக்குத் தெரிந்துவிடும். தண்ணீர் தொட்டுப்போன ஈர மணலில் நடந்தால் சுலபம். ஆனால் தடம் பார்க்கிறவர்கள் அலை எட்டும் கோட்டுக்கு மேலேதான் போக வேண்டும். ஆமையின் தடம் அங்கேதான் அழியாமல் நிற்கும். நடுநடுவே ரிசார்ட் விளக்குகள், மாடி வீட்டு ஃபோகஸ் லைட்டுகள். கடலைப் பார்க்க ஆசைப்பட்டு வீடு கட்டுகிறவர்கள், கடலே இவர்களைப் பார்க்கட்டும் என்று எதற்கு இவ்வளவு விளக்கைப் போடுகிறார்களோ தெரியவில்லை. குஞ்சுகள் வெளிச்சமான பக்கம்தான் கடல் என்று நம்பி நடக்கிறவை. இந்த ஊரில் வெளிச்சமான பக்கம் சாலை. முட்டைகளைத் தோண்டி எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்க வேண்டி வருவதற்கு முக்கியமான காரணம் இது. நாயும் மனிதனும் அடுத்த காரணங்கள்.

முதலில் கண்டது செத்த ஆமை. வாசனை முன்னாலேயே சொல்லிவிட்டது. கூட்டம் தூரத்தில் நின்றது. டீச்சர் துப்பட்டாவை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மண்டியிட்டார், டேப்பை எடுத்தார். ஓட்டின் கழுத்துப்புற விளிம்பிலிருந்து வால்புற விளிம்புவரை வளைவோடு ஒட்டிப் பிடித்து அளந்தார். இரண்டு தடவை. இரண்டும் ஒன்றாக வந்த பிறகுதான், “அறுபத்தெட்டு” என்றார். பக்கத்தில் ஒரு பையன் எழுதிக்கொண்டான். பிறகு வாலைப் பார்த்தார். ஓட்டுக்கு வெளியே நீண்ட வால் இருந்தால் ஆண். இதற்கு இல்லை. “பெண்.” கண் பிதுங்கியிருந்தது, கழுத்து வீங்கியிருந்தது, அதையும் சொன்னார், எழுதினார்கள். ஐயோ பாவம் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. எழுதியதை ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, ஓட்டின் மேல் நாளை வருகிறவர்கள் மறுபடி எண்ணாதபடி ஓர் அடையாளம் போட்டுவிட்டு எழுந்தார். ஈர மணலில் கையைத் தேய்த்தார், வெகுநேரம் தேய்த்தார்.

இரண்டரை மணிக்கு மேல் கொட்டிவாக்கம் தாண்டி ஓரிடத்தில் முன்வரிசை நின்றது. கடலிலிருந்து ஏறி வந்த தடம் ஒன்று, இறங்கிப் போன தடம் ஒன்று. முக்கால் மீட்டர் அகலம் இருக்கும். பங்குனி ஆமை கைகளை மாற்றி மாற்றிப் போட்டு நகர்கிற ஜாதி, ஆகவே தடத்தின் இரு பக்கத்துக் கோடுகளும் ஒன்றுக்கொன்று நேராக இல்லாமல் முன்பின்னாக விழுந்திருந்தன. இரண்டு தடமும் கூடுகிற இடத்தில் மணல் கலைந்து கிடந்தது. ஆமை போய்விட்டது. முட்டை போட்டு மூடிவிட்டு, அந்த நாற்பது கிலோ உடம்பால் மணலைத் தட்டித் தட்டி இறுக்கிவிட்டுத்தான் போகும். எங்கே குழி என்பது பார்வைக்குத் தெரியாது.

ஒரு மெல்லிய கம்பைக் கொண்டுவந்தார்கள். கலைந்த மணலில் அங்குலம் அங்குலமாக ஊன்றிப் பார்த்தார்கள். எல்லா இடத்திலும் கம்பு ஒரு விரல்கடை போய் நின்றது. ஓரிடத்தில் சடக்கென்று இறங்கியது. அதோடு கம்பை எடுத்துவிட்டார்கள். இன்னும் ஊன்றினால் முட்டையில் குத்தும். அதற்குப் பிறகு கைதான். டீச்சர் குப்புறப் படுத்துத் தோண்டினார். காய்ந்த மணல், அடுத்து ஈர மணல், முழங்கை, முழங்கைக்கு மேல். கன்னம் மணலில் பட்டிருந்தது. தோள் குழிக்குள் போய்விட்டபோது அவர் முகம் மாறியது. அந்த முகத்தை நான் ஆசிரியர் அறையில் பார்த்ததில்லை.

“இருக்கு.”

குழியின் கழுத்து குறுகல், அடியில் அறை அகலம். மண்பானையின் உட்புறம் போல. ஒன்றரை அடி ஆழத்தில் முட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஓடு கெட்டியாக இல்லை. விரல் பட்டால் குழிந்து மறுபடி நிமிர்கிற தோல். போட்ட சில மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் கரு ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொள்ளத் தொடங்கும். அப்போது முட்டையைப் புரட்டினால் அது செத்துப்போகும். அதனால் யாரும் முட்டையை உருட்டுவதில்லை. எடுத்த நிலையிலேயே பையில் வைப்பார்கள், அதே குழியின் ஈர மணலை மேலே போடுவார்கள்.

டீச்சர் எடுத்து எடுத்து வைத்தார், எண்ணினார்.

“லாபம், ரெண்டு, மூணு, நாலு...”

நோட்டும் பேனாவுமாக இருந்த கல்லூரிப் பெண் குனிந்து கேட்டாள். “ஆன்ட்டி, லாபம்னா எவ்ளோ?”

“ஒண்ணும்மா. எங்க தாத்தா நெல்லு அளக்கறப்ப அப்படித்தான் ஆரம்பிப்பாரு.”

நூற்றுப் பன்னிரண்டில் முடிந்தது. பங்குனி ஆமைக்கு நூறிலிருந்து நூற்றிருபதுக்குள் போடுவது வழக்கம்தான். ஆழம், வாய் அகலம், இடம், நேரம் எல்லாம் எழுதிக்கொண்டார்கள். பையை அவரே தூக்கிக்கொண்டார். ஐ.டி. பையன் ஒருவன், “நான் தூக்கறேன் ஆன்ட்டி” என்று கை நீட்டினான். கொடுக்கவில்லை. பெசன்ட் நகர்வரை கைமாற்றாமல், தோளில் போடாமல், இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டே நடந்தார். பொரிப்பகத்தில் அதே அளவில் குழி தோண்டி, மறுபடி எண்ணி, புதைத்து, மேலே ஒரு கூடையைக் கவிழ்த்து, தேதியும் எண்ணும் எழுதிய அட்டையைச் செருகினார்கள். அப்போது நான்கு மணி. முதல் பஸ்ஸுக்கு இருவரும் நின்றோம். அவர் நின்றபடியே தூங்கினார்.

திங்கட்கிழமை பாதிச் சுவருக்கு அந்தப் பக்கம் நாற்பது பக்க நோட்டு திறந்தது. கதை சொல்வார் என்று நினைத்தேன். இருட்டு, அலை, தடம், எல்லாம் கதைக்கு ஆகிற சரக்கு. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கரும்பலகையில் இரண்டு கட்டம் போட்டார். ஒன்றில் முட்டைக்குழியின் கணக்கு. மற்றதில் செத்த ஆமை: தேதி, இடம், நீளம் 68 செ.மீ., பெண், கண் பிதுங்கல், கழுத்து வீக்கம். எழுதி முடித்துவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார்.

“இதிலேருந்து என்ன தெரியுது? தெரிஞ்சத மட்டும் சொல்லணும்.”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பெண். “மூச்சு முட்டிச் செத்துச்சு மிஸ்.”

“எப்படிச் சொல்ற?”

“கண்ணு பிதுங்கியிருக்கு இல்ல.”

“ஆமைதான் தண்ணிலயே இருக்குமே மிஸ், அதுக்கு எப்படி மூச்சு முட்டும்?” இது என் வகுப்பிலிருந்து, சுவருக்கு மேலாக. டீச்சர் திரும்பிப் பார்த்துவிட்டு, கேள்வி எந்த வகுப்புடையது என்று விசாரிக்காமல் பதில் சொன்னார். ஆமைக்குச் செவுள் கிடையாது, நம்மைப் போல நுரையீரல்தான். சும்மா இருந்தால் வெகுநேரம் மூச்சடக்கும். வலையில் சிக்கித் திமிறினால் இருக்கிற காற்று சீக்கிரம் தீர்ந்துவிடும். இழுவை மடி போட்ட விசைப்படகு மணிக்கணக்கில் வலையை இழுத்துக்கொண்டே போகும். கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது என்பது சட்டம். முட்டையிட வருகிற ஆமைகள் இருப்பதும் அந்த எல்லைக்குள்தான்.

இந்த இடத்தில் ஒரு பையன் எழுந்தான். எங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் குப்பத்திலிருந்து வருகிறவர்கள். இவனுடைய அப்பா காசிமேட்டில் போட்டுக்குப் போகிறவர் என்பது எனக்குத் தெரியும்.

“எங்கப்பா போட்ல ஆமை மாட்டினா கும்பிட்டுக் கடல்ல வுட்ருவாரு மிஸ். குட்டியம்மான்னு சொல்லுவாரு. சும்மா எங்களயே சொல்றாங்க.”

நான் பேனாவை வைத்துவிட்டேன். எங்கள் ஆசிரியர் அறையில் எத்தனையோ பேர் இந்த இடத்தில் தவறியிருப்பார்கள். உட்காருடா என்பார்கள், அல்லது உங்கப்பா நல்லவர்தான் என்று சமாளிப்பார்கள். டீச்சர் கரும்பலகையைக் காட்டினார்.

“இதுல எந்த போட்டுன்னு எழுதியிருக்கா?”

“இல்ல மிஸ்.”

“எனக்கும் தெரியாது. ஆமை மேல எழுதியிருக்காது. மூச்சு முட்டிச் செத்ததுன்னு உடம்பு சொல்லுது. யாருன்னு சொல்லல. சொல்லாதத நாம எழுதக் கூடாது.” சற்று நிறுத்தி, “உங்கப்பா எந்த மாசத்துல, எவ்ளோ தூரத்துல ஆமைய அதிகமா பாக்கறாருன்னு கேட்டுட்டு வர்றியா? அது எங்க நோட்டுல இல்ல” என்றார்.

பையன் உட்கார்ந்தான். மறுநாள் ஒரு காகிதம் கொண்டுவந்தான். வாடைக் காற்று அடிக்கிற நாட்களில் ஆமை கரைப்பக்கம் நிறையத் தலை தூக்கும், ஜோடியாக மிதக்கும் என்று அவன் அப்பா சொன்னதைக் கோணல் எழுத்தில் எழுதியிருந்தான். டீச்சர் அதை நோட்டில் ஒட்டினார். பக்கத்தில், யார் சொன்னது, எப்போது சொன்னது என்று எழுதினார்.

அமெரிக்காவில் நோவா என்ற அரசு நிறுவனம் 1990இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பள்ளி ஆசிரியர்களைத் தன் ஆய்வுக் கப்பல்களில் ஏற்றிக்கொண்டு போகும். சுற்றுலாவாக அல்ல. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில் விஞ்ஞானிகளோடு நின்று தூண்டிலில் இரை கோர்க்க வேண்டும், சுறாவை அளந்து அடையாளம் கட்டிக் கடலில் விட வேண்டும், வலையில் வந்த மீனை இனம் பிரித்து எடை போட வேண்டும். இருக்கிற நேரத்தில் தங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுதவும் வேண்டும். ஊருக்குத் திரும்பி அதைப் பாடமாக்க வேண்டும். இதைப் பற்றி எங்கோ படித்துவிட்டு டீச்சரிடம் சொன்னேன். “நமக்குக் கப்பல் எதுக்கு ஐயா, நடந்தா போதாதா” என்று சிரித்தார். எனக்கு அது போதாது என்றுதான் படுகிறது. நடக்கிற ஒரு டீச்சர் தன் தூக்கத்திலிருந்தும் தன் பணத்திலிருந்தும் எடுத்துச் செய்கிறார். நமக்கும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை இருக்கிறது, ஆய்வு நிலையங்கள் இருக்கின்றன, ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்று நாள்கணக்கில் அறைக்குள் உட்காரவைக்கும் வழக்கமும் இருக்கிறது. அந்த நாட்களில் இரண்டை மணலில் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

மார்ச்சில் வெயில் ஏறியதும் அந்தப் பக்கம் வேறு வேலை தொடங்கியது. பால் நிர்ணயம் பாடம். எக்ஸ், ஒய் என்று படித்து முடித்த பிள்ளைகளிடம், ஆமைக்கு இது பொருந்தாது என்று சொல்லிவிட்டார். ஆமை முட்டையில் ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு முடிவு செய்கிறது. 29, 30 டிகிரியை ஒட்டி ஒரு நடுநிலை. அதற்கு மேல் சூடு ஏறினால் பெண் அதிகம், குறைந்தால் ஆண் அதிகம். “சூடு எங்க மிஸ் ஏறும், மணலுக்கு அடியில சில்லுனுதான இருக்கும்?” என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். பதில் சொல்வதற்குப் பதில் டீச்சர் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துப் போனார்.

எங்கள் மைதானம் கடலுக்குப் பக்கம் என்பதால் நல்ல மணல். வேப்பமரத்தடியில் ஒரு குழி, வெட்டவெளியில் ஒரு குழி, இரண்டும் ஒன்றரை அடி. ஆய்வகத்து வெப்பமானியை நூலில் கட்டி, ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் இறக்கி, வாயைத் துணியால் அடைத்தார்கள். முதல் நாள் எடுத்துப் பார்ப்பதற்குள் வெளிச்சூட்டில் அளவு ஏறிவிட்டது. வெப்பமானியின் குமிழைச் சுற்றி மெழுகு வைத்து மூடினால் அளவு சட்டென்று மாறாது என்று கண்டுபிடித்தவள், வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எப்போதும் ஜன்னலைப் பார்க்கிற பெண். காலை எட்டே முக்காலுக்கும் மாலை நான்கு மணிக்கும் இரண்டு பேர் போய் எழுதுவார்கள். முறைப் பட்டியல் சுவரில் ஒட்டியிருந்தது. மேலே மணல் மாலையில் செருப்பில்லாமல் மிதிக்க முடியாத சூடு. அடியில் காலைக்கும் மாலைக்கும் பெரிதாக வித்தியாசமே இல்லை. ஆனால் நிழல் குழியும் வெயில் குழியும் ஒன்றாக இல்லை. வெயில் குழி நாளுக்கு நாள் மெல்ல ஏறிக்கொண்டே போனது. முட்டைக்குழிக்கு மேல் கூரை போட்டால் ஆண் பிறக்குமா, போடாவிட்டால் எல்லாமே பெண்ணாகிவிடுமா, எல்லாம் பெண்ணானால் அடுத்து என்ன என்று மதியச் சாப்பாட்டின்போது சண்டை போட்டார்கள். என் பிரிவுப் பிள்ளைகள் எங்களுக்கும் ஒரு குழி வேண்டும் என்று என்னிடம் மனு கொடுத்தார்கள். கடிதம் எழுதும் பயிற்சியில் சேர்த்துக்கொண்டேன்.

மார்ச் கடைசி வாரம் அந்த நூற்றுப் பன்னிரண்டு பொரிந்தது. 45 நாளிலிருந்து 55 நாளுக்குள் பொரிக்கும் என்பது கணக்கு, அதற்குள்ளேதான் வந்தது. பெற்றோர் கையெழுத்து வாங்கிக்கொண்டு வகுப்பை மாலையில் பெசன்ட் நகர் அழைத்துப் போனார்கள். துணைக்கு நானும் போனேன். கயிறு கட்டிய பாதைக்கு இருபுறமும் கூட்டம். ஃப்ளாஷ் போடாதீர்கள் என்று தன்னார்வலர்கள் தொண்டை வறளக் கத்தினார்கள். ஃப்ளாஷ் மின்னிக்கொண்டுதான் இருந்தது. உள்ளங்கையில் பாதிகூட இல்லாத கறுத்த குஞ்சுகளைக் கூடையிலிருந்து மணலில் விட்டார்கள். அலைக்குள் ஒருவர் முழங்கால் தண்ணீரில் டார்ச் பிடித்து நின்றார், ஊரின் வெளிச்சத்துக்குத் திரும்பிவிடாமல் இருக்க. நாலைந்து குஞ்சுகள் ஓர் அலையில் உருண்டு பின்னால் வந்தன, மறுபடி நடந்தன. பிள்ளைகள் கத்தவில்லை. பெரியவர்கள்தான் கத்தினார்கள்.

எட்டாம் வகுப்புக்கு வேலை இருந்தது. விடும்போது எண்ணியிருந்தார்கள்: தொண்ணூற்றொன்று. அதன் பிறகு தன்னார்வலர்கள் காலிக் குழியைத் தோண்டினார்கள். வெடித்த ஓடுகள், பொரிக்காத முட்டைகள், எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் குவியல் குவியலாக வைத்தார்கள். பிள்ளைகள் எண்ணினார்கள். பொரிக்காதவை பதினெட்டு. வெடித்த ஓடு தொண்ணூற்றுநான்கு.

ஜன்னல் பார்க்கிற பெண் நோட்டைப் பார்த்தாள், குவியலைப் பார்த்தாள். “மூணு எங்க மிஸ்?”

மற்றவர்களுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. ஓடு தொண்ணூற்றுநான்கு என்றால் குஞ்சும் தொண்ணூற்றுநான்கு இருக்க வேண்டும். விட்டது தொண்ணூற்றொன்று. டீச்சர் பதில் சொல்லவில்லை. தன்னார்வலர் மறுபடி குழிக்குள் கைவிட்டு அடி மணலைத் துழாவினார். ஓட்டை விட்டு வெளியே வந்து, மேலே ஏறிவர முடியாமல் செத்துப்போன மூன்று குஞ்சுகள். அவற்றையும் வரிசையாக வைத்தார்கள். கணக்கு சரியானது. அந்தப் பெண் மூன்றையும் எழுதிவிட்டுக் கோடு போட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஒரு பையன், “ஆயிரத்துல ஒண்ணுதான் பெரிசாகும்னு சொல்றாங்களே மிஸ், அப்ப நம்ம தொண்ணூத்தொண்ணுல ஒண்ணுகூட வராதா?” என்றான்.

“வரலாம். வராமலும் போகலாம். வந்தாலும் முட்டை போடற வயசு வர பத்துப் பதினஞ்சு வருஷம் ஆகும். நான் ரிடையர் ஆகியிருப்பேன். நீ நடந்து பாரு.”

கணக்கு சார் அந்த நூற்றுப் பன்னிரண்டை அடுத்த வாரம் சதவீதப் பாடத்துக்குக் கடன் வாங்கிக்கொண்டார். தலைமையாசிரியர் ஆண்டு விழாவில் பேசுவதற்கு எடுத்துக்கொண்டார், கொஞ்சம் கூட்டியே சொன்னார். முன்வரிசையிலிருந்து இரண்டு பிள்ளைகள் ‘தொண்ணூத்தொண்ணு சார்’ என்று திருத்தினார்கள். அவர் சிரித்துக்கொண்டே திருத்திக்கொண்டார். எட்டாம் வகுப்பில் நான் கேட்டவரை அறிவியல் என்றால் யாரோ எப்போதோ கண்டுபிடித்து முடித்துவிட்ட சங்கதி. மனப்பாடம் செய்து ஒப்பித்தால் போதும். இந்த டீச்சரின் வகுப்பில் அது முடியாமல் இருக்கிறது. தானே போய் எண்ணிவிட்டு வந்தவருக்கு, தெரியாது என்று சொல்வதில் வெட்கம் இல்லை. பிள்ளைகளுக்கும் அது தொற்றிவிடுகிறது. இருபது வருடமாக இலக்கணம் நடத்துகிற எனக்கு அது இன்னும் வரவில்லை.

இதைப் படிக்கிற ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னையில் இருந்தால் ஜனவரியில் விசாரியுங்கள். வெள்ளி, சனி இரவுகளில் பொதுமக்களும் நடக்கலாம். வேறு கடலோர ஊராக இருந்தால் அங்கும் வனத்துறை பொரிப்பகம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். டார்ச் வேண்டாம். ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு நோட்டு, ஒரு பென்சில் போதும். ஈரத்தில் பேனா எழுதாது. மறுநாள் ஞாயிறாக இருப்பதுபோலப் பார்த்துக்கொள்ளுங்கள். நடை முடிய விடிகாலை நான்கு ஆகும், கெண்டைக்கால் வலி செவ்வாய்க்கிழமைவரை இருக்கும்.